டிவி சத்தத்தைக் குறைங்க

விஜய் டிவியில் ‘லொள்ளு சபா’ ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில், ஆரணியில் எங்கள் தெருவில் அதற்கு மூன்று கட்சிகள் இருந்தன. பார்த்துச் சிரிக்கிற கட்சி, பார்த்துத் திட்டுகிற கட்சி, என் ஆயா. ஆயா தனிக்கட்சி. அது கேலி என்பதை அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நிஜமாகவே படம்தான் எடுக்கிறார்கள், கையில் காசில்லாமல் எடுக்கிறார்கள் என்பது அவள் கணக்கு. ஒட்டுமீசை பாதி தொங்க ஒருவன் அட்டைத் துப்பாக்கியோடு வசனம் பேசினால் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம், அவள் உச்சுக்கொட்டுவாள். “பாவம்டா, மொதலாளி கைவுட்டுட்டான் போலக்கீது. மீசைக்குக் கூட துட்டு இல்ல.” சுவாமிநாதன் வந்தால் மட்டும் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொள்வாள். அந்தக் கும்பலிலேயே ஒழுங்காக நடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பாள்.

திட்டுகிற கட்சிக்கு வாராவாரம் ஆள் மாறும். ராம்பாலா இயக்கிய அந்த நிகழ்ச்சி எந்தப் படத்தைத் தொட்டாலும், அந்தப் படத்துக்கு எங்கள் தெருவில் ஒரு வாரிசு இருந்தான். ரஜினி மன்றத்துப் பையன்கள் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். அடுத்த வாரம் விஜய் படம் என்றால் அவர்களே முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள்; இப்போது எழுந்து போவது வேறு ஆட்கள். சிவாஜி காலத்துப் பெரியவர்கள் மட்டும் எல்லா வாரமும் திட்டினார்கள். அவர்களுக்கு யார் படம் என்பது பொருட்டில்லை. நடிப்பு என்பதைக் கிண்டல் பண்ணலாமா, அதுவும் நடிகனே பண்ணலாமா என்பதுதான் அவர்கள் வழக்கு.

எங்கள் வீட்டில் டிவி பார்ப்பது என்றால் தறியைத் தாண்டிப் பார்ப்பது. முன்கட்டில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். குழித்தறி. அப்பா குழியில் காலை விட்டு மிதியில் வைத்து உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கும். அந்தப் பக்கச் சுவரோரம் ஸ்டூல் மேல் டிவி. அப்பாவுக்கும் டிவிக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் பட்டு இழை. படத்தை அவர் அந்த இழைகளின் இடுக்கு வழியாகத்தான் பார்த்திருக்க வேண்டும். உண்மையில் அவர் டிவி பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று சத்தத்தை எப்போதும் உச்சத்தில் வைத்திருப்போம். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு வசனத்தை வாசற்படியில் கேட்க ஆரம்பித்தால் தெருமுனைக் கடை வரை நடந்துகொண்டே முழுசாகக் கேட்டுவிடலாம்.

நெய்துகொண்டே சிரிக்க முடியாது. உடம்பு குலுங்கினால் அடி மாறும், அடி மாறினால் ஊடை ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் தளரும், புடவையை விரித்துப் பிடித்தால் உடலில் குறுக்கே கோடு தெரியும். முதலாளி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், கூலியில் பிடித்துக்கொள்வார். ஆகவே அப்பா சிரிப்பு வரும் என்று தெரிந்ததும் முதலில் மிதியிலிருந்து காலை எடுப்பார், நாடாவைப் பாவு மேல் வைப்பார், அதற்குப் பிறகுதான் சிரிப்பார். சிரித்து முடித்து, மூக்கை உறிஞ்சி, மறுபடி நாடாவை எடுப்பார். அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு ஜோக்கு கேட்காது, தறி நிற்பது கேட்கும். “இன்னிக்கு நாலு தடவ நின்னுச்சே, நல்லா இருந்துச்சா?” என்பாள். சேனல்காரர்கள் டி.ஆர்.பி.க்கு எங்கெங்கோ மீட்டர் வைத்திருந்தார்கள். எங்கள் தெருவுக்கு அப்பாவின் தறிதான் மீட்டர்.

அந்த மீட்டர்படி பார்த்தால் சந்தானத்துக்கு ஒன்றிரண்டு நிறுத்தம், மனோகருக்கு அதைவிடக் கூட. மனோகர் கையை வளைத்து வளைத்து இழுத்துப் பேசுவதை அப்பா பார்க்கக்கூட முடியாது, குரலே போதும். சந்தானம் 2004இல் சிம்புவின் ‘மன்மதன்’ படத்துக்குப் போனபோது தெருவில் எல்லோருக்கும் நம் பையன் துபாய் போனது போல ஒரு பெருமை. ஜீவா ரஜினி சாயலில் தலையைக் கோதினால் தெருவே கைதட்டும், மன்றத்துப் பையன்கள் உட்பட. சேஷுவும் மாறனும் எந்த வேஷத்தில் வந்தாலும் அண்டை வீட்டுக்காரர்கள் மாதிரியே இருந்தார்கள். யோகி பாபு அந்தக் கூட்டத்தில் எங்கோ ஓரமாக நின்றிருக்கிறார். அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. சேஷு 2024 மார்ச்சில் இறந்தபோது பத்திரிகைகள் ‘லொள்ளு சபா சேஷு’ என்றுதான் எழுதின. நிகழ்ச்சி நின்று பதினைந்து வருஷம் தாண்டியும் அந்தப் பட்டம் போகவில்லை.

அப்பா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். பி.எச். அப்துல் ஹமீதின் குரல் வந்தால் வீட்டில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. கே.எஸ். ராஜா மூச்சுவிடாமல் பேசுவதைத் தறி ஓட்டத்தோடு சேர்த்துச் சொல்லிக் காட்டுவார். அறிவிப்பாளர் என்றால் தமிழைச் சுத்தமாக உச்சரிக்க வேண்டியவர், நம்மைவிடக் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருக்க வேண்டியவர். அவரை யாராவது கேலி செய்வார்கள் என்று அந்தத் தலைமுறை நினைத்துப் பார்த்திருக்காது.

சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகும் அந்த மரியாதை அப்படியே தொடர்ந்தது, கூடவே புடவை சேர்ந்துகொண்டது. ஷோபனா ரவி செய்தி வாசிக்க வந்தால் எங்கள் தெருப் பெண்கள் செய்தி கேட்க மாட்டார்கள். அது நம் ஊர்ச் சரக்கா, காஞ்சிபுரமா, பார்டர் எத்தனை விரல், புட்டா நெருக்கமா அகலமா. எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி, அதனால் நிறத்தைப் பற்றிய விவாதத்துக்கு முடிவே கிடையாது. “மாம்பழக் கலருடி அது, அரக்கு பார்டரு” என்று அத்தை அடித்துச் சொல்வாள். பிரதமர் என்ன பேசினார் என்று கேட்டால் முழிப்பாள். ஃபாத்திமா பாபு வந்தபோது தலையில் வைத்திருக்கும் பூவும் விவாதத்தில் சேர்ந்தது. ஆரணிப் பட்டின் பிழைப்பே அப்படி ஒரு இடைவெளியில் நடப்பதுதானே. பெங்களூர்ப் பக்கத்துப் பட்டு, சூரத் ஜரிகை, எங்கள் கை. காஞ்சிபுரத்தைவிட எடை குறைவு, விலை குறைவு. கடையில் தொங்கும்போது மட்டும் பல நேரம் பெயர் காஞ்சிபுரம். பிற்பாடு புவிசார் குறியீடு வந்தது. பழக்கம் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. எனவே டிவியில் ஒரு புடவையைப் பார்த்து ‘இது நம்மது’ என்று சொல்வதில் இருந்த சந்தோஷம் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது.

அந்தக் காலத்தில் நேயர் கருத்துக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. ‘எதிரொலி’ என்று ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் போட்ட கடிதங்களை வாசிப்பார்கள், நிலைய இயக்குநரே உட்கார்ந்து பதில் சொல்வார். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் அதற்கென்றே அஞ்சலட்டை வாங்கி வைத்திருந்தார். நாடகத்தில் மருமகள் காப்பி ஆற்றிய விதம் தவறு, வயலும் வாழ்வும் நிகழ்ச்சியில் காட்டிய உரம் எங்கள் பக்கத்துக் கடையில் கிடைக்கவில்லை, வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியில் பழைய பாட்டு குறைந்துவிட்டது. எல்லாக் கடிதமும் ‘நிகழ்ச்சி மிக அருமை’ என்றுதான் தொடங்கும். குறை மூன்றாவது வரியில் மெல்லத் தலை காட்டும். அவருடைய கடிதம் வாசிக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. வாசிக்கப்படும் என்ற நம்பிக்கையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த கூட்டம் நினைவிருக்கிறது.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது, கேபிள்காரர் தெருவில் கம்பி இழுத்தார், அஞ்சலட்டைக்கு வேலை இல்லாமல் போனது. இனிமேல் நேயர் போன் செய்ய வேண்டும். உமா நடத்திய ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ ஓடும்போது ஊரில் எஸ்.டி.டி. பூத்துகளில் கூட்டம் நிற்கும். தொகுப்பாளர் என்ற புது ஜாதி அப்போதுதான் எங்களுக்கு அறிமுகம். ஷோபனா ரவி எங்களைப் பார்த்து வாசித்தார். இவர்கள் எங்களோடு ‘பேசினார்கள்’. ஹாய் சொன்னார்கள். பெயர் கேட்டார்கள். பாதிச் சொல் இங்கிலீஷ், மீதிச் சொல்லும் இங்கிலீஷ் பேசுகிறவர் வாயிலிருந்து வருகிற தமிழ். ‘ழ’வுக்கு என்ன ஆயிற்று என்று வாத்தியார் திண்ணையில் புலம்பினார். பிறகு எஸ்.எஸ். மியூசிக் வந்தபோது அதில் வரும் பையன்களின் தலைமுடியைப் பார்த்துத் திண்ணைக்குப் பேச்சே நின்றுபோனது.

என் அத்தை மகள் ஒருமுறை லைனில் கிடைத்துவிட்டாள். எந்த நிகழ்ச்சி என்பது இருக்கட்டும். 04173 என்ற எங்கள் ஊர் எண்ணிலிருந்து போன் போனதே தெருவுக்குப் பெருமை. அவள் பூத்தில் நிற்கிறாள், நாங்கள் வீட்டில் டிவி முன்னால். பூத்துக்குள்ளே சிவப்பு எழுத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பூத்காரர் கடையிலும் டிவி, அதிலும் அதே நிகழ்ச்சி, சத்தம் உச்சத்தில். அவள் குரல் டிவிக்குப் போய், டிவியிலிருந்து திரும்பி அவள் காதுக்கே வந்து, போனுக்குள் மறுபடி நுழைந்து கூவியது. தொகுப்பாளினி இனிமையாக, “டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க” என்றார். இவள் பூத்காரரைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். அவர் மாட்டேன் என்கிறார். அவர் கடையிலிருந்து டிவிக்குப் போகிற முதல் போன். அதை அவர் காதால் கேட்க வேண்டாமா?

“ஓகே, நீங்க என்ன பண்றீங்க?”

“தார் சுத்துறேன் மேடம்.”

“தாரா? ரோடு போடுறீங்களா? வாவ்!”

“இல்ல மேடம், தறிக்கு… பட்டு… ராட்டையில…”

“சோ ஸ்வீட். யாருக்கு டெடிகேட் பண்றீங்க?”

ஊடைக்கு வேண்டிய பட்டை ராட்டையில் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றி நாடாவுக்குத் தயாராக்குவதைத்தான் நாங்கள் தார் சுற்றுவது என்போம். நெசவாளர் வீட்டுப் பெண்பிள்ளைகள் பேச ஆரம்பித்த கையோடு செய்ய ஆரம்பிக்கிற வேலை. அவள் கேட்ட பாட்டை அன்றைக்குப் போடவும் இல்லை, வேறு எதையோ போட்டார்கள். அப்பா காலை மிதியிலிருந்து எடுத்தார், சிரிப்பதற்கில்லை. “நாம நெய்றத கட்டிக்கினு வந்து நின்னுக்கினு, தார்னா ரோடாம்” என்று நாடாவை ஓங்கிப் பாவு மேல் வைத்தார். அம்மாவுக்கும் அத்தைக்கும் அந்தத் தொகுப்பாளினி கட்டியிருந்தது பட்டே இல்லை, பாலியெஸ்டர் என்பதில் ஆறுதல். அத்தை மகள் பூத்திலிருந்து ஓடிவந்தாள், முகமெல்லாம் பூரிப்பு. “கேட்டீங்களா? என் குரல் வந்துச்சா?” தெரு அவளுக்கு ‘ரோடு கான்ட்ராக்டர்’ என்று பேர் வைத்தது. அதற்கும் அவள் சிரித்தாள்.

அவளை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது லொள்ளு சபாவைப் பற்றி யோசிக்கும்போதுதான். ஏனென்றால் அதற்குப் பிறகு, ‘கலக்கப் போவது யாரு’, ‘அசத்தப் போவது யாரு’ என்று மேடை நிகழ்ச்சிகள் வந்தபோது, தொகுப்பாளினி போன் பேசுவதை நடித்துக் காட்டாத கலைஞன் கிடையாது. கையை ஆட்டி, கழுத்தைச் சாய்த்து, “ஹலோ, யார் பேசறீங்க, டிவி வால்யூமைக் கொறைங்க, ஹலோ, ஹலோ” என்று ஆரம்பித்தாலே அரங்கம் சிரித்துவிடும். போன் செய்கிற கிராமத்தானையும் சேர்த்துத்தான் கிண்டல். தெருவில் எல்லோரும் ஓரக்கண்ணால் அத்தை மகளைப் பார்த்தார்கள். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தோம். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் அவள்தான். சிரித்ததோடு விடவில்லை. அமாவாசைக்குத் தறி லீவு. அன்றைக்குத் தெருப் பெண்கள் திண்ணையில் கூடினால் இவள் தார்க்குச்சியை மைக்காகப் பிடித்துக்கொண்டு தொகுப்பாளினி ஆகிவிடுவாள். ஆயாவைப் பேட்டி எடுப்பாள். “நீங்க என்ன பண்றீங்க பாட்டி?” “ஒன்ன பெத்தவள பெத்தேன், வேற இன்னா பண்ணேன்.” கொஞ்ச நாளில் கல்யாண வீடுகளில் மொய் எழுதும் இடத்துப் பக்கம் மைக் கிடைத்தாலும் அவள் பிடித்துக்கொண்டாள். கேலியாக ஆரம்பித்தது, கேலிதானா என்று சொல்ல முடியாத ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது.

இது ஆரணிக்கு மட்டும் நடந்ததில்லை. ‘கலக்கப் போவது யாரு’ மேடையில் மிமிக்ரி செய்து ஜெயித்த சிவகார்த்திகேயன், அதே விஜய் டிவியில் ‘அது இது எது’ தொகுப்பாளர் ஆனார், பிறகு 2012இல் ‘மெரினா’வில் கதாநாயகன் ஆனார். நட்சத்திரங்களின் குரலைக் கிண்டல் செய்தவரின் குரலை அடுத்த வரிசைப் பையன்கள் மிமிக்ரி செய்ய ஆரம்பித்தார்கள். சந்தானம் கதை தெரிந்ததே. கதாநாயகன் அறிமுகக் காட்சியைக் கிழித்துத் தொங்கவிட்டவருக்கே பிறகு அறிமுகக் காட்சி வைத்தார்கள். லொள்ளு சபா இயக்குநர் ராம்பாலா 2016இல் அவரை வைத்து எடுத்த ‘தில்லுக்கு துட்டு’ படத்தை ஆரணியில் பார்த்தேன். பழைய சபை ஆட்கள் ஒவ்வொருவராகத் திரையில் வரும்போது தியேட்டரில் விழுந்த விசில், மன்றத்து விசில் மாதிரியேதான் இருந்தது.

2010 ஜனவரியில் வந்த ‘தமிழ்ப்படம்’ ஞாபகத்துக்கு வருகிறது. சி.எஸ். அமுதன் இயக்கி சிவா நடித்தது. அதுவரை டிவியில் பார்த்த கேலி முழுநீளப் படமாக வந்திருக்கிறது என்று போனோம். எல்லா ஹீரோக்களின் அறிமுகப் பாட்டையும் கிண்டல் செய்து ஒரு அறிமுகப் பாட்டு. தியேட்டரில் முன்வரிசைப் பையன்கள் எழுந்து, காகிதத்தைக் கிழித்து வீசி, ஸ்கிரீன் அருகே போய் ஆடினார்கள். கிண்டலைப் புரிந்துகொண்டு ஆடினார்களா, அல்லது பாட்டு வந்தால் ஆட வேண்டும் என்று கால் ஆடியதா? பக்கத்தில் இருந்த நண்பனிடம் கேட்டேன். “ரெண்டும்தாண்டா” என்றான். இதைவிட நல்ல விமர்சனத்தை அந்தப் படத்துக்கு நான் படித்ததில்லை.

நாங்கள் லொள்ளு சபா பார்த்துக்கொண்டிருந்த அதே 2005இல், பிப்ரவரி மாசம், லண்டனில் சேனல் 4 ‘நேதன் பார்லி’ என்று ஒரு தொடரைப் போட்டிருக்கிறது. வெகு நாள் கழித்துத்தான் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. கிறிஸ் மோரிஸும் சார்லி புரூக்கரும் எழுதியது, ஆறே பகுதி. புரூக்கர் பின்னாளில் ‘பிளாக் மிரர்’ எழுதிப் பேர் வாங்கினார். சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்துக்கொண்டு, விசித்திரமான போன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, உலகமே தன்னைப் பார்க்கிறது என்று திரியும் ஒரு மீடியா பையன்தான் நேதன். ஃபேஷனான பத்திரிகை ஒன்றில் வேலை செய்யும் டான் ஆஷ்கிராஃப்ட் என்பவருக்கு இந்தப் பையன்களைக் கண்டாலே ஆகாது. முட்டாள்கள் பெருகிவிட்டார்கள் என்று சுடச்சுட ஒரு கட்டுரை எழுதுகிறார். அந்த முட்டாள்கள் அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டு, பிரமாதம் என்று அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். யாரை எழுதியிருக்கிறார் என்று ஒருத்தனுக்கும் சந்தேகமே வரவில்லை. ஒளிபரப்பான சமயத்தில் அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் குறைவு. வருஷம் போகப் போகத்தான் பேச்சு வளர்ந்தது. எனக்கு அதில் நேதனைவிட டானைத்தான் தெரிந்தது. வாத்தியார் அஞ்சலட்டையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தது மாதிரியே இருந்தது அந்த முகம். தன் கடிதத்தை யாராவது திட்டினாலாவது நன்றாக இருக்கும் என்கிற முகம்.

ஆனால் லண்டன் கதையில் ஒன்று இல்லை. அங்கே கேலி செய்தவர்களும் மீடியா, கேலிக்கு ஆளானவர்களும் மீடியா, பார்த்தவர்களிலும் பாதிப்பேர் அந்த வட்டாரம் என்றே தோன்றும். எங்களுக்கு அந்த வட்டாரம் டிவிக்குள் மட்டும் இருந்தது. நாங்கள் யாரும் ஒரு தொகுப்பாளரையும் நேரில் பார்த்ததில்லை. கேலி அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கிற சண்டை. நாங்கள் திண்ணையிலிருந்து பார்த்துப் பாயிண்ட் போட்டோம். அதனால்தான் லொள்ளு சபாவில் எங்களுக்கு மிகவும் பிடித்தது, படத்தைக் கிண்டல் செய்வதைவிட, அட்டை செட்டும் ஒட்டுமீசையும் கண்ணுக்குத் தெரிகிற இடங்கள். உள்ளே இவ்வளவுதான் விஷயம், கயிறும் பசையும்தான், என்று யாரோ உள்ளேயிருந்தே காட்டிக்கொடுத்தார்கள். ஜரிகை எதில் பிசகுகிறது, முந்தியில் எந்த இழை ஏமாற்று என்று தெரிந்தவர்களுக்கு அது தனி ருசி. அப்பா தறியை நிறுத்தியது அநேகமாக அந்த இடங்களில்தான். ஒருமுறை செட்டுச் சுவர் ஆடியதாகப் பையன்கள் கத்தியபோது பார்ப்பதற்காகவே குழியிலிருந்து எழுந்து வந்தார்.

2006க்குப் பிறகு தெருவில் கலைஞர் டிவி வந்தது. சேனலைச் சொல்லவில்லை, அரசு கொடுத்த பதினான்கு அங்குல கலர் டிவியைச் சொல்கிறேன். அத்தையின் மாம்பழக் கலர் வழக்குக்கு ஒருவழியாகத் தீர்ப்பு கிடைக்கும் என்று பார்த்தால், அதற்குள் செய்தி வாசிக்கிறவர்கள் புடவையைக் குறைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு டிவி ஆனதும் திண்ணைக் கூட்டம் கலைந்தது. யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிற வாய்ப்பு போனது. அடுத்து மின்வெட்டு வந்து மறுபடி எல்லோரையும் திண்ணைக்கு இழுத்துக்கொண்டு வந்தது. 2012 வாக்கில் சென்னையில் இருந்தவர்களுக்கு அதன் முழு உக்கிரம் தெரியாது. எங்கள் பக்கம் மணிக்கணக்கில் போகும். கைத்தறிக்குக் கரண்டு வேண்டாம், ஆனால் ராத்திரியில் வெளிச்சம் இல்லாமல் இழை தெரியாது. ஆக தறியும் நிற்கும், டிவியும் நிற்கும். அந்த இருட்டில்தான் மன்றத்துப் பையன் ஒருவன் பழைய லொள்ளு சபாவை முழுசாக நடித்துக் காட்டுவான். அவன் தலைவர் படத்தைக் கிண்டல் செய்த அதே பகுதி. அன்றைக்கு முறைத்துக்கொண்டு எழுந்து போனவனுக்கு வசனம் ஒன்று விடாமல் எப்படி மனப்பாடம் ஆயிற்று என்று கேட்டால், “தெருமுனைல நின்னு கேட்டுக்கினு இருந்தேன்” என்றான். சத்தம்தான் உச்சத்தில் இருந்ததே.

ஆயா போய்விட்டாள். அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, குழியில் இறங்குவதை விட்டுவிட்டார். இப்போது அவர் கையில் போன். கோபியும் சுதாகரும் ‘பரிதாபங்கள்’ என்று போடுகிற வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார். டிவி விவாதம், ரியாலிட்டி ஷோ, யூடியூபில் கடை கடையாகப் போய்ச் சாப்பிட்டு வழிகிறவர்கள், எதையும் அந்தப் பையன்கள் விட்டுவைப்பதில்லை. அப்பா முகத்தில் அசைவே இல்லாமல் பார்ப்பார். நன்றாக இருக்கிறதா என்றால், “லொள்ளு சபா அளவுக்கு வராது” என்பார். அடுத்த வீடியோவைத் தட்டுவார். காதில் மாட்டிக்கொள்ளச் சொல்லி வாங்கிக்கொடுத்ததைத் தொடுவதே இல்லை. தறி போன பிறகும் சத்தம் அதே உச்சம்.

அத்தை மகள் இப்போது புடவை விற்கிறாள். கடை கிடையாது. வாரத்தில் சில நாள் ராத்திரி லைவ். அவள் வீட்டுத் தறி ஓடி வெகு நாளாகிறது, அதன் கம்பத்தில்தான் அந்த வட்ட விளக்கைக் கட்டியிருக்கிறாள். ஜக்கார்டு அட்டைகளைக் கழற்றாமல் பின்னணிக்கு விட்டிருக்கிறாள், பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கிறதாம். எட்டு மணிக்கு முடியைச் சரிசெய்துகொண்டு, கழுத்தை லேசாகச் சாய்த்து, “ஹாய் ஃப்ரெண்ட்ஸ், எல்லாரும் எப்டி இருக்கீங்க, வாய்ஸ் கிளியரா கேக்குதா” என்று ஆரம்பித்தாளானால், அந்த நாளைய தொகுப்பாளினி தோற்றார். மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க, இந்த பீஸ் சிங்கிள்தான், இது வந்துட்டு பியூர் சில்க், ஜரி மட்டும் ஹாஃப் ஃபைன், பொய் சொல்ல மாட்டேன் ஃப்ரெண்ட்ஸ். பொய் சொல்லவும் மாட்டாள். ‘காஞ்சிபுரமா?’ என்று கமெண்டில் யாராவது கேட்டால் மட்டும் அவள் குரலிலிருந்து ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஓடிவிடும். “ஆரணிமா. ஆரணிப் பட்டு. எங்க வூட்டுக்காரு தம்பி நெய்றாரு.”

போன தீபாவளி சமயத்தில் அவள் மகன் ஒரு வேலை செய்தான். கல்லூரியில் படிக்கிற பையன். துண்டைத் தலையில் சுற்றிக் கூந்தலாக்கி, அம்மாவின் பழைய கண்ணாடியை மாட்டி, தரை துடைக்கிற துணியைத் தோளில் போட்டு, “ஹாய் ஃப்ரெண்ட்ஸ், இது வந்துட்டு பியூர் மாப், பாருங்க பார்டர, கிழிஞ்சிருக்கு, ஆனா பொய் சொல்ல மாட்டேன் ஃப்ரெண்ட்ஸ்” என்று அவளை அப்படியே எடுத்து ரீல்ஸ் போட்டுவிட்டான். கமெண்டில் பெயரெல்லாம் வாசித்தான்: “ரோடு கான்ட்ராக்டர் ஃப்ரம் ஆரணி, ஹாய்மா.” தெருவே பார்த்துவிட்டது, அவள் மட்டும் பார்க்கவில்லை. இரண்டு நாள் அவன் வீட்டுக்கு நேரம் கழித்துத்தான் வந்தான். யாரோ அனுப்பி அவளும் பார்த்தாள். நான் அப்போது அங்கே இருந்தேன். முதலில் ஒருமுறை, பிறகு போனைக் கண்ணருகே கொண்டுபோய் இன்னொருமுறை. சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, எவ்வளவு பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கீழே தேடினாள். அவளுடைய லைவுக்கு வருகிற கூட்டத்தைவிடப் பல மடங்கு. முகம் மாறியது. பையனைக் கூப்பிட்டாள். அவன் கதவருகே நின்றபடியே எட்டிப் பார்த்தான்.

“டேய், அறிவு கெட்டவனே. இத்தன பேரு பாத்துக்கினு கீறாங்க, வாட்ஸ்அப் நம்பர் எங்கடா போட்ட?”

அவன் முழித்தான்.

“எடுத்துட்டு மறுபடி போடு. நம்பர் கீழ ஓடிக்கினே இருக்கணும். அப்புறம் அந்தத் துணிய கீழ வெச்சிட்டு, உள்ள மயில்கழுத்துக் கலருல ஒண்ணு விக்காம கெடக்குது பாரு, அதத் தோள்ல போட்டுக்கோ.”